செருகுவாய் இருப்பது செருகத்தான்

பழைய வீட்டுக் கணினிகளைச் சேகரிப்பவர்களிடையே ஒரு தீர்ப்பு வேரூன்றிக் கிடக்கிறது. 1980களின் கணினி ஒன்றில் எஸ்டி கார்டைப் பொருத்திவிட்டால் அதற்குப் பிறகு அது அந்தக் கணினியே இல்லையாம். அசல்தான் வேண்டும் என்றால் அசல் டேப்பிலேயே ஓட்டு. ஓடவில்லையா, கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடு. மென்பொருளைப் பார்க்கத்தான் ஆசையா, பழைய கணினியைப் போலவே நடிக்கும் எமுலேட்டர் என்ற மென்பொருள் லேப்டாப்பில் இருக்கிறது. இந்த மூன்றுக்கும் நடுவே உட்கார்ந்து சால்டரிங் அயர்னைச் சூடாக்குகிறவன் ஒன்று பொழுதுபோகாதவன், இல்லாவிட்டால் பழம்பொருளைக் கெடுக்கிறவன்.

இதைச் சொல்கிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. ஆகவே அவர்கள் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் எடுத்து வைக்கிறேன். ஒன்று: கணினி என்பது செயலி மட்டுமில்லை. டேப் சுழலும் கிறீச்சொலி, நிரல் ஏறுவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம் என்ற காத்திருப்பு, பாதியில் வந்து நிற்கும் பிழைச் செய்தி எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் காலம். சேமிப்பை மாற்றினால் காலத்தையே துடைத்துவிடுகிறோம். இரண்டு: இன்று செருகப்படும் சின்னப் பலகையில் இருக்கும் சிப், பழைய கணினியின் செயலியைவிடப் பல மடங்கு வேகமானது, வேலை செய்வது அதுதான், பழையது வெறும் கீபோர்டு. மூன்று: எமுலேட்டர் இதே காரியத்தைக் காசில்லாமல், எதையும் தொடாமல் செய்கிறது. நான்கு: பழம்பொருளைத் தொடாமல் வைப்பதே பாதுகாப்பு. ஐந்தாவதை வாய்விட்டுச் சொல்வது குறைவு, மனத்தில் இருப்பது அதிகம்: ஒரு கோடிக்கு மேல் விற்ற கமடோர் 64க்கு இப்படி மெனக்கெட்டால் அர்த்தம் உண்டு, சந்தையில் தோற்று, பெயரே மறந்துபோன கணினிக்கு எதற்கு இவ்வளவு பாடு?

நான்காவதில் பாதி உண்மை. அதை அந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறேன். மற்றவை நிற்கா.

வாதம் அந்தரத்தில் தொங்காமலிருக்க ஒரு கணினியைக் கையில் எடுத்துக்கொள்வோம்: சிங்க்ளேர் க்யூஎல். பிரிட்டனில் 1984 ஜனவரி 12 அன்று அறிவிக்கப்பட்டது. ஆப்பிள் மேக்கின்டாஷுக்குப் பன்னிரண்டு நாள் மூத்தது. விலை 399 பவுண்டு. 7.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மோட்டோரோலா 68008 செயலி, 128 கிலோபைட் நினைவகம், ஒரே நேரத்தில் பல நிரல்களை ஓட்டவல்ல க்யூடாஸ் என்ற இயங்குதளம். அதை எழுதியவர் டோனி டெபி. கூடவே சயான் நிறுவனம் எழுதிக்கொடுத்த நான்கு அலுவலக மென்பொருள்கள். இவ்வளவும் கொடுத்த இடத்தில் பிளாப்பி டிரைவ் கொடுக்கவில்லை. சிக்கனம். பதிலுக்கு மைக்ரோடிரைவ் இரண்டைப் பெட்டிக்குள்ளேயே வைத்தார்கள்.

மைக்ரோடிரைவைப் பார்த்திராதவர்களுக்கு: தீப்பெட்டியைவிடச் சற்றுச் சிறிய பிளாஸ்டிக் கூட்டுக்குள், இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலத்தில், ஏறக்குறைய ஐந்து மீட்டர் டேப்பை முடிவில்லாத வளையமாகச் சுற்றி வைத்திருப்பார்கள். அது ஒரு சுற்று வர ஏழெட்டு நொடி. கொள்ளளவு சுமார் நூறு கிலோபைட். புதுக் கார்ட்ரிட்ஜைப் பலமுறை ஃபார்மேட் செய்த பிறகே நம்பவேண்டும் என்பது பாடம். கார்ட்ரிட்ஜ் உள்ளே இருக்கையில் கணினிக்கு மின்சாரம் போடவோ அணைக்கவோ கூடாது என்பது தயாரித்தவர்களே கொடுத்த எச்சரிக்கை. 1986 ஏப்ரலில் சிங்க்ளேரின் கணினித் தொழிலை ஆம்ஸ்ட்ராட் 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. க்யூஎல் அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இந்தக் கணினியில் எஸ்டி கார்டைச் செருகலாமா கூடாதா என்பதே வழக்கு.

1. எந்த வருடத்து அசல்?

அசல் அசல் என்கிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. 1984 ஜனவரியில் 28 நாளில் அனுப்புகிறோம் என்று சொல்லிப் பணம் வாங்கியது சிங்க்ளேர். ஏப்ரல் கடைசி வரை யார் கைக்கும் கணினி போகவில்லை. போனபோதும், இயங்குதளம் உள்ளேயிருந்த ரோம் சிப்புகளில் கொள்ளாமல், மீதியை ஒரு தனிப் பலகையில் ஏற்றிக் கணினியின் பின்புறத்தில் துருத்திக்கொண்டிருக்கும்படி மாட்டி அனுப்பினார்கள். பிறகு அவர்களே திரும்ப வாங்கிச் சரிசெய்து கொடுத்தார்கள். எஃப்பி, பிஎம், ஏஹெச், ஜேஎம், ஜேஎஸ் என்று ரோம் பதிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆக, மிகமிக அசலான க்யூஎல் வேண்டுமென்றால் அது முதுகில் கட்டியோடு பிறந்த ஏப்ரல் மாதத்துக் கணினிதான். அதை யாரும் இலட்சியமாகக் கொள்வதில்லை. தயாரித்தவனே அடுத்த சில மாதத்தில் மாற்றியதை ஏற்றுக்கொள்கிறார்கள். வைத்திருப்பவன் பிற்பாடு மாற்றினால் மட்டும் தீட்டு.

அதற்கப்புறமும் கணினி நிற்கவில்லை. மிராக்கிள் சிஸ்டம்ஸ் என்ற சிறு நிறுவனம் 1987இல் டிரம்ப் கார்டு என்ற பலகையை விற்றது: கூடுதல் நினைவகமும் பிளாப்பி இணைப்பும் ஒன்றாக. பின்னாலேயே கோல்டு கார்டு, அதில் 16 மெகாஹெர்ட்ஸ் 68000 செயலியே இருந்தது. அதற்கும் பிறகு சூப்பர் கோல்டு கார்டு, 68020 செயலியோடு. கணினி விற்பனையிலிருந்து விழுந்த பிறகு நடந்தவை இவை. இன்றைய சேகரிப்பாளர் ஒருவர் கோல்டு கார்டு பொருத்திய க்யூஎல்லைக் கண்டால் கண் விரியும். அரிய பொருள் என்பார். எஸ்டி கார்டு பொருத்தியதைக் கண்டால் முகம் சுளிக்கும். இரண்டுக்கும் இடையில் இருப்பது கொள்கை வேறுபாடா? வருட வித்தியாசம் மட்டும்தான். பழசாகிவிட்ட மாற்றம் மரபு, புதிய மாற்றம் கேடு என்றால் இன்னும் முப்பது வருடம் பொறுத்திருங்கள், எஸ்டி கார்டும் மரபாகிவிடும்.

காத்திருப்பும் கிறீச்சொலியும் அந்தக் காலத்தின் அனுபவம் என்ற வாதத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. பின்லாந்தில் க்யூஎல் வைத்திருந்த ஒரு மாணவர், மைக்ரோடிரைவோடு மல்லுக்கட்ட முடியாமல் பிளாப்பி கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றை வாங்கினார். கூட வந்த டிரைவர் மென்பொருள் சரியில்லை என்று தானே ஒன்றை எழுதினார். லினஸ் டோர்வால்ட்ஸ் அவர். பின்னாளில் லினக்ஸ் எழுதியவர். தன் வாழ்க்கைக் கதையில் இதைச் சொல்லியிருக்கிறார். 1980களில் க்யூஎல் வைத்திருந்தவர்களின் அசல் அனுபவம் எது என்றால் இதுதான்: மைக்ரோடிரைவை எப்படித் தலைமுழுகுவது என்று அலைந்தது. எஸ்டி கார்டைப் பொருத்துகிறவன் அந்த அனுபவத்தைத் துடைக்கவில்லை, அதே வரிசையில் வந்து நிற்கிறான்.

2. பெட்டியில் ஓட்டை வைத்தவன் யார்?

க்யூஎல்லின் இடப்பக்கம் விரிவாக்கத்துக்கு ஒரு செருகுவாய். பின்புறம் ரோம் கார்ட்ரிட்ஜுக்கு ஒன்று. வலப்பக்கம் மேலும் ஆறு மைக்ரோடிரைவ் வரை கோத்துக்கொள்ள ஒன்று. இவற்றை நாம் அறுத்துத் திறக்கவில்லை. இந்தப் பெட்டி முழுமையாகவில்லை, மீதியை நீ கொண்டுவா என்று தயாரித்தவரே எழுதிக்கொடுத்த சீட்டு அது.

இயங்குதளமும் அதையே சொல்கிறது. க்யூடாஸில் சேமிப்புக் கருவிக்குப் பெயர்தான் முக்கியம். மைக்ரோடிரைவ் என்றால் எம்டிவி1, பிளாப்பி என்றால் எஃப்எல்பி1, ஹார்டு டிஸ்க் என்றால் வின்1. புதிய கருவி வந்தால் அதன் டிரைவர் ரோமிலிருந்து வந்து தன்னை இயங்குதளத்தோடு இணைத்துக்கொள்ளும்; இயங்குதளத்தைத் திருத்தவேண்டியதில்லை. இன்று க்யூஎல்-எஸ்டி என்ற பலகை செய்வதும் அதுதான். எழுதும் நிரலுக்கு, தான் பேசுவது 1984இன் டேப்போடா நேற்று வாங்கிய கார்டோடா என்று தெரியவே தெரியாது.

இதில் ஒரு நுணுக்கத்தைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. பின்புறத்து ரோம் செருகுவாய் படிப்பதற்கு மட்டுமே அமைந்தது. எழுதுவதற்கான கம்பியே அங்கு கிடையாது. ஆனால் எஸ்டி கார்டில் எழுதியாகவேண்டும். என்ன செய்வது? செயலி ஒரு முகவரியைப் படிப்பதுபோல் நடிக்கும். எழுதவேண்டிய எண் அந்த முகவரிக்குள்ளேயே ஒளிந்திருக்கும். மறுமுனையில் பலகை முகவரியைப் பார்த்து எண்ணை எடுத்துக்கொள்ளும். ஒரு கம்பியைக்கூட வெட்டாமல், ஒரு காலைக்கூடச் சால்டர் செய்யாமல், படிக்கத் தெரிந்த வாசல் வழியே எழுதவைக்கிறார்கள். நாற்பது வருடத்துக்கு முந்தைய வடிவமைப்பை வரி வரியாகப் புரிந்துகொள்ளாதவனால் இதைச் செய்யமுடியுமா? இதற்குப் பெயர் கெடுப்பது என்றால் படிப்பதற்கு என்ன பெயர்?

க்யூஎல் மட்டும் விதிவிலக்கு என்று யாராவது சொல்லக்கூடும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-99/4ஏவைப் பாருங்கள். 1981இல் வந்தது, 1983 அக்டோபர் 28 அன்று நிறுவனம் வீட்டுக் கணினித் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. அதில் ஒவ்வொரு துணைக்கருவியும் தன்னை இயக்கும் நிரலைத் தன் ரோமிலேயே சுமந்துவரும். ஒரு கோப்பைக் கேட்டால் கணினி கருவி கருவியாகப் போய், இந்தப் பெயருக்குரியவர் இங்கே உண்டா என்று விசாரிக்கும். இன்று டிப்பி என்ற பலகை வழியாக ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ஒன்று கை தூக்கி, நான்தான் என்கிறது. கணினி நம்புகிறது. அப்படி நம்பும்படித்தான் அதை வடிவமைத்தார்கள்.

3. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா?

எதிர்த்தரப்பின் கிண்டல் இப்படித்தான் போகிறது. ஏழு மெகாஹெர்ட்ஸ் கணினிக்குக் கோப்பு எடுத்துக்கொடுக்க இருநூறு மெகாஹெர்ட்ஸ் சிப்பா என்று சிரிக்கிறார்கள். சிரிப்புக்கு வரலாறு தெரியவில்லை.

அவர்களே போற்றும் கமடோர் 64இன் 1541 டிஸ்க் டிரைவுக்குள் ஒரு தனி 6502 செயலி இருந்தது; கணினிக்குள் இருந்ததும் அதன் உடன்பிறப்பான 6510. அதாவது டிஸ்க் டிரைவே ஒரு முழுக் கணினி. 1985இல் ஆப்பிள் விற்ற லேசர்ரைட்டர் பிரிண்டரில் 12 மெகாஹெர்ட்ஸ் 68000 செயலியும் ஒன்றரை மெகாபைட் நினைவகமும் இருந்தன. அதனோடு இணைத்த மேக்கின்டாஷின் செயலியோ ஏறக்குறைய 8 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் அதிகபட்சம் 512 கிலோபைட். எஜமானனைவிட வேலைக்காரனுக்கு மூளை அதிகம். மேக்கின்டாஷ் வெறும் கீபோர்டு என்று அன்று யாராவது சொன்னார்களா? க்யூஎல்லிலேயே கீபோர்டையும் ஒலியையும் கவனிக்க இன்டெல் 8049 என்ற தனிச் சிப் இருந்தது. கோலெகோ நிறுவனத்தின் ஆடம் என்ற வீட்டுக் கணினியில் ஒவ்வொரு துணைக்கருவிக்குள்ளும் ஒரு மோட்டோரோலா 6801.

எத்தனை வேகமான சிப் கோப்பைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அதைச் செயல்படுத்துவது பழைய செயலிதான், பழைய வேகத்தில்தான். படம் வரைவது பழைய சிப். விரல் படுவது பழைய கீபோர்டு. ராஸ்பெர்ரி பை கொண்டுவந்த விளையாட்டு டிஐ-99/4ஏவில் ஒரு துளிகூட வேகமாக ஓடாது.

4. ஓட்டினால் தேய்வது எது?

அசல் டேப்பிலேயே ஓட்டு என்கிறவர்கள் எதைக் காப்பாற்றுவதாகச் சொல்கிறார்களோ அதைத்தான் தின்கிறார்கள். மைக்ரோடிரைவ் டேப்பைத் தலையோடு அழுத்திப் பிடிக்க ஒரு சிறு கம்பளித்துண்டு இருக்கும். அதன் அடியில் உள்ள நுரை நாற்பது வருடத்தில் பொடியாகிவிடும். டேப்பை இழுக்கும் ரப்பர் உருளை பிசினாக உருகி ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் கார்ட்ரிட்ஜைப் போட்டுச் சுழற்றினால் பிசின் டேப்பில் ஏறும், டேப் சிக்கும், அறும். நல்ல நிலையில் இருந்தாலும் ஒவ்வொரு படிப்பும் ஓர் உரசல். கோலெகோ ஆடம் இன்னும் மோசம்: அதை ஆன் செய்யும் கணத்தில் எழும் மின்காந்தத் துடிப்பு, டிரைவில் விட்டுவைத்த டேப்பையே அழித்துவிடக்கூடியது.

எஸ்டி கார்டைப் பொருத்தினால் அசல் கார்ட்ரிட்ஜ் ஓய்வெடுக்கும். ஒருமுறை, ஒரே ஒருமுறை, கவனமாகப் படித்துப் பிரதி எடுத்துக்கொண்டு அதைப் பெட்டியில் வைத்துவிடலாம். ஏடு பெயர்த்தெழுதியவர்கள் செய்தது வேறென்ன?

ஆனால் அந்த ஒருமுறை படிப்பதற்கு ஓடுகிற மைக்ரோடிரைவ் வேண்டும். எஸ்டி கார்டு பழைய டேப்பைப் படிக்காது. இங்கே நான் என் பக்கத்து ஆட்களோடும் சண்டை போடவேண்டியிருக்கிறது. எஸ்டி கார்டு வந்ததும் மைக்ரோடிரைவைக் கழற்றிக் குப்பையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த இடத்தில் புதுப் பலகை அழகாக உட்காரும் என்பது அவர்கள் நியாயம். யாரோ ஒருவரின் பரணில் 1985இல் எழுதிய நிரல், கணக்கு, கடிதம் உள்ள கார்ட்ரிட்ஜ் கிடக்கும். அதைப் படிக்க உலகத்தில் மிச்சமிருப்பது இந்த டிரைவுகள்தான். உருளையின் பிசினைச் சுரண்டி எடுத்து, அளவான சிலிக்கோன் குழாயை மாட்டி, கார்ட்ரிட்ஜுக்குப் புது நுரையும் கம்பளியும் ஒட்டி அதை ஓடவைப்பது ஒரு மதியப் பொழுது வேலை. புதுச் சேமிப்பைச் சேர்ப்பதும் பழைய கருவியை எழுப்புவதும் ஒரே வேலையின் இரண்டு கைகள். ஒன்றை மட்டும் செய்கிறவன் பாதி வேலைதான் செய்தான்.

5. எமுலேட்டர் எதைப் பார்த்து எழுதப்பட்டது?

எமுலேட்டரை நான் குறைத்துப் பேசமாட்டேன். பிபிசியின் டூம்ஸ்டே திட்டம் 1986இல் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதியும் படமெடுத்தும் கொடுத்தவற்றை லேசர் டிஸ்கில் பதித்தது. இங்கிலாந்தில் 1086இல் எழுதிய டூம்ஸ்டே என்ற நிலக்கணக்கு ஏட்டுக்கு 900 வருடம் ஆனதைக் கொண்டாடும் முயற்சி. பதினாறு வருடம் போவதற்குள் அந்த டிஸ்குகளைப் படிக்கும் கருவியே அரிதாகிவிட்டது. தொள்ளாயிரம் வருடத் தோல் ஏடோ சௌகரியமாகப் படிக்கக் கிடைத்தது. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் கேமிலியன் திட்டம் எமுலேட்டர் எழுதித்தான் டூம்ஸ்டேயை மீண்டும் திரைக்குக் கொண்டுவந்தது. எமுலேட்டரின் பெருமைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அதே சாட்சி இன்னொன்றையும் சொல்கிறது. டிஸ்கில் இருந்ததை வெளியே எடுக்க முதலில் ஓடுகிற லேசர் டிஸ்க் கருவி வேண்டியிருந்தது. எமுலேட்டர் தகவலை உருவாக்குவதில்லை. யாரோ பழைய கருவியை எழுப்பி எடுத்துக்கொடுத்த தகவலைத்தான் அது ஓட்டும்.

அடுத்து, எமுலேட்டர் சரியாக நடந்துகொள்கிறதா என்று எப்படித் தெரியும்? கையேட்டில் இல்லாத குணங்கள் சிப்புகளுக்கு உண்டு. இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமின் மையத்தில் இருந்த ஃபெரான்டி சிப்பின் உள்வடிவத்தைக் கிறிஸ் ஸ்மித் என்பவர் சிப்பையே ஆராய்ந்து வெளிக்கொண்டுவந்து 2010இல் ஒரு நூலாகவே எழுதினார். கணினி வந்து 28 வருடம் கழித்து. புகழ்பெற்ற ஸ்பெக்ட்ரமுக்கே அந்தக் கதி என்றால் பெயர் தெரியாத கணினிக்கு என்ன? ஓடுகிற அசல் பக்கத்தில் இருந்தால்தான் எமுலேட்டரின் பொய்யைப் பிடிக்கமுடியும். அசலை ஓடவைக்கச் சேமிப்பு வேண்டும். எமுலேட்டர் போதும் என்கிறவர் தான் உட்கார்ந்திருக்கும் கிளையைத்தான் வெட்டுகிறார்.

6. தொடாமல் வைத்தால் காப்பாற்றப்படுமா?

ஒப்புக்கொள்வதாகச் சொன்ன பாதி இது. கூட்டை அறுத்து யுஎஸ்பிக்கு ஓட்டை போடுவது, சர்க்யூட் போர்டின் தடங்களை வெட்டுவது, கழற்றிய சிப்பைத் தொலைப்பது எல்லாம் நாசவேலை. திரும்பப் பெறமுடியாத மாற்றத்தை அரிய கணினியில் செய்யக்கூடாது. கழற்றிய ஒவ்வொன்றையும் உறையில் போட்டுப் பெயரெழுதி வைக்கவேண்டும். இதில் மடி பார்ப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

மீதிப் பாதிதான் பொய். தொடாமல் வைத்த அமிகா 2000ஐயும் ஏக்கார்ன் ஏ3000ஐயும் திறந்து பாருங்கள். போர்டிலேயே சால்டர் செய்த நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒழுகி, சுற்றியுள்ள செம்புத் தடங்களைத் தின்றிருக்கும். அசல் பேட்டரிதான், நூற்றுக்கு நூறு அசல். எவ்வளவு மடி பார்க்கிறவரும் அதை முதல் வேலையாக வெட்டி எறிவார். அசல்தன்மை கணினியைக் கொல்லும் என்று தெரிந்த இடத்தில் அசலை விடுகிறார்கள். அப்படியானால் அசல் என்பது அவர்களுக்கும் இறுதி அளவுகோல் இல்லை.

ஆடம் இன்னொரு வேடிக்கை. கோலெகோ அதன் மின்வழங்கியைக் கணினிக்குள் வைக்காமல் பிரிண்டருக்குள் வைத்தது. பிரிண்டர் செத்தால் கணினியும் செத்தது. 1985 ஜனவரியில் கைவிடப்பட்ட அந்தக் கணினியை இன்று அசல் முறையில் ஓட்டவேண்டுமானால், அடுப்பில் ஏற்றிய அண்டா மாதிரி இடத்தை அடைக்கும் ஒரு டெய்சிவீல் பிரிண்டரை வெறும் மின்சாரத்துக்காகக் கூடவே வைத்திருக்கவேண்டும். தனி மின்வழங்கி ஒன்றைச் செய்து கொடுத்து, ஃபியூஜிநெட் என்ற பலகையை அதன் வலையில் இணைத்தால் டேப்பும் டிஸ்கும் பிரிண்டரும் அந்த ஒரே பலகையிலிருந்து கிடைக்கின்றன; அச்சிட்டது பிடிஎஃப் கோப்பாக வந்து விழுகிறது. பழைய பிரிண்டரை வேண்டும்போது எழுப்பிக்கொள்ளலாம், அது நின்றுபோனால் கணினியும் கூடவே நிற்கவேண்டிய கட்டாயம் இல்லை.

வீணை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். தந்தி அறுந்தால் மாற்றுவார்கள். மெட்டுகள் பதிந்திருக்கும் மெழுகு தேய்ந்தால் ஆளைக் கூப்பிட்டு மேளம் கட்டுவார்கள். பாட்டி வாசித்த வீணை பாட்டி வாசித்த வீணையாகவேதான் இருக்கிறது. மேளம் கட்டக்கூடாது, மெழுகு அசல் என்று உறையைப் போட்டு மூலையில் சாத்திய வீணையின் குடம் விரிசல் விட்டது யாருக்கும் தெரியாது, யாரும் உறையைக் கழற்றிப் பார்ப்பதில்லையே.

7. தோற்ற கணினிக்கு எதற்கு?

இந்தக் கேள்வியைக் கணினிக்காரர்கள்தான் கேட்கிறார்கள், ஆலைக்காரர்கள் கேட்பதில்லை. பழைய கணினிக்காரர்கள் பிளாப்பிக்குப் பதிலாகப் பொருத்தும் கோடெக் என்ற கருவி அவர்களுக்காகப் பிறந்ததே இல்லை. பிளாப்பியில் டிசைன் ஏற்றும் எம்பிராய்டரி எந்திரம், உலோகம் கடையும் எந்திரம், இசைக் கீபோர்டு முதலியவற்றுக்காகச் சீனாவில் செய்யப்பட்டது. பிளாப்பி கிடைக்காமல் போனபோது லட்சக்கணக்கில் விலையுள்ள எந்திரத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க எந்த முதலாளியும் நினைக்கவில்லை. யுஎஸ்பி செருகும் கோடெக்கை மாட்டினார், வேலையைப் பார்த்தார். எம்பிராய்டரி எந்திரம் போலியாகிவிட்டதா? பின்னர் ஆர்வலர்கள் அதே கருவிக்கு ஃபிளாஷ்ஃபிளாப்பி என்ற திறந்த மென்பொருளை எழுதி பல பழைய கணினிகளின் டிஸ்க் வடிவங்களைப் படிக்கவைத்தார்கள்.

கமடோர் 64 செத்தால் பக்கத்து ஊரில் இன்னொன்று கிடைக்கும். க்யூஎல் அப்படி இல்லை, ஆடம் அப்படி இல்லவே இல்லை. எண்ணிக்கை குறையக் குறைய ஒவ்வொன்றின் மதிப்பும் கூடும் என்பது சேகரிப்பாளர்களே ஒப்பும் கணக்கு. ஓடுகிற ஒவ்வொன்றின் மதிப்பும் அதே கணக்கில் கூடத்தானே வேண்டும்? ஓட்டுகிறவர்கள் இருப்பதால்தான் சிங்க்ளேர் கணினிகளின் மொறுமொறுத்து உடையும் கீபோர்டு மெம்பிரேனை யாரோ புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆளில்லாத கடைக்கு யார் டீ ஆற்றுவார்கள்? கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கணினிக்கு உதிரிபாகம் தேவைப்படாது. தேவைப்படாததை யாரும் செய்யமாட்டார்கள். நாளைக்குக் கண்ணாடியைத் திறக்க நினைக்கிறவருக்கு ஒன்றும் கிடைக்காது.

இவ்வளவும் பிரிட்டன், அமெரிக்கா கதை என்று ஒதுக்கவேண்டாம். 1984-85இல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்குப் பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. உங்களுக்குத் தெரிந்த பள்ளியின் ஸ்டோர் ரூமில், உடைந்த பெஞ்சுகளுக்கு அடியில், பழுப்பேறிய உடம்பும் சிவப்புச் செயல்விசைகளுமாக அப்படி ஒன்று கிடந்தால் காயலான் கடைக்கு அனுப்பவிடாதீர்கள். உடனே பிளக்கைச் சொருகவும் வேண்டாம். அதன் மின்வழங்கிக்குள் இருக்கும் பழைய காகித மின்தேக்கிகள் விரிசல் விட்டிருக்கும், மின்சாரம் பட்டால் புகைந்து வெடிக்கும். தெரிந்தவரைக் கொண்டு முதலில் அவற்றை மாற்றுங்கள். பிறகு கணினியைக் கவிழ்த்துப் பாருங்கள்: அடிப்பக்கம் வரிசையாக இணைப்பு வாய்கள் இருக்கும். அவற்றில் யூசர் போர்ட் என்று எழுதியிருப்பதில் எஸ்டி கார்டுப் பலகை செருகும். உள்ளே காலியாக இருக்கும் ரோம் சாக்கெட்டில் அதற்கான ஒரு சிப். எதையும் வெட்டவேண்டியதில்லை.